கடைக்குள் ஒரு நெட்வொர்க்: கேபிள் இழுப்பதிலிருந்து பேக்கப் வரை

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி நேரு வீதியிலோ ஒரு நடுத்தரக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டுவேர், பெயிண்ட் மொத்த வியாபாரம் என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் இரண்டு பில்லிங் சிஸ்டம், மாடியில் கணக்கு எழுதுகிறவர்களிடம் இரண்டு, பின்னால் குடோனில் ஒன்று, ஒரு லேசர் பிரிண்டர், நாலைந்து கேமரா. இவ்வளவையும் சேர்த்துவைத்திருப்பது பெரும்பாலும் நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ஒரே ஒரு வைஃபை பெட்டிதான், அதாவது ரூட்டர்.

பில் போடும்போது டாலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் தொங்கும். காலையில் ஓடிய பிரிண்டர் மதியம் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். உடனே நெட் ஸ்லோ என்று முடிவுகட்டிப் பெரிய பிளானுக்கு மாறுவார்கள். மாறிய பிறகும் டாலி தொங்கும். ஏனென்றால் கல்லாவிலிருந்து மாடி சிஸ்டத்துக்குப் போகும் டேட்டா இன்டர்நெட் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை, கடைக்குள்ளேயேதான் சுற்றுகிறது. நெட் பிளானை எவ்வளவு ஏற்றினாலும் அதற்கு உதவாது.

அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே நிலைப்பாடுதான்: இடம் மாறாத எதற்கும் கேபிள், கையில் எடுத்துப் போகிறவற்றுக்கு மட்டும் வைஃபை. பணம் போடுவதாக இருந்தால் கேபிளிலும் கரண்டிலும் போடுங்கள். ரூட்டர் நாலைந்து வருஷத்தில் எப்படியும் மாறும். சுவரோடு போன கேபிளை அவ்வளவு சீக்கிரம் யாரும் மாற்ற மாட்டார்கள்.

முதல் படி: ஒரு தாளில் வரைபடம்

கடையின் தரைத்தளம், மாடி, குடோன் மூன்றையும் ஒரு ஏ4 தாளில் கோடு போட்டு வரையுங்கள். எந்த மேசை எங்கே, பிரிண்டர் எங்கே, கேமரா எங்கே என்று புள்ளி வையுங்கள். ஒரு பாயின்ட் (கேபிள் வந்து முடியும் இடம்) போதும் என்று தோன்றும் மேசைக்கு இரண்டு இழுத்துவிடுங்கள். ஆள்கூலியோடும் சுவர் உடைக்கிற வேலையோடும் பார்த்தால் கூடுதல் கேபிளின் விலை ஒன்றுமே இல்லை. நாளைக்கு அதே மேசையில் பார்கோடு பிரிண்டர் வைக்கலாம், புதுப் பையன் உட்காரலாம்.

அடுத்து, எல்லாக் கேபிளும் வந்து சேரும் இடம். மாடிப்படிக்குக் கீழே, தரையை ஒட்டி வைப்பதுதான் வழக்கம், மற்ற ஊர்களில் அது ஓடலாம். இங்கே வேண்டாம். தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி பக்கம் வந்து ஊரையே தண்ணீரில் நிறுத்தியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளம் கடலூர்க்காரர்களுக்கு இன்னும் மறந்திருக்காது. ஆகவே சுவரில் மாட்டும் சின்ன ரேக் ஒன்றை வாங்கி, தோள் உயரத்துக்கு மேலே மாட்டுங்கள். மாடி இருந்தால் மாடியிலேயே மாட்டலாம். மீட்டர் போர்டை ஒட்டி வேண்டாம், கழிவறைச் சுவரிலும் வேண்டாம், வெயில் விழும் ஜன்னல் பக்கமும் வேண்டாம்.

இரண்டாம் படி: என்ன வாங்குவது

முதலில் எண்ணுங்கள். ஐந்து சிஸ்டம், ஒரு பிரிண்டர், கேமராவின் ரெக்கார்டர், வைஃபை பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்று, ரூட்டருக்குப் போகும் ஒன்று. ஒன்பது ஆகிவிட்டது. இத்தனை கேபிளையும் சேர்க்கும் பெட்டிதான் ஸ்விட்ச், அதில் கேபிள் சொருகும் துளை போர்ட். எட்டு போர்ட் ஸ்விட்ச் வாங்கினால் அன்றைக்கே பற்றாது, பிறகு அதன் வாலில் இன்னொரு குட்டி ஸ்விட்ச் தொங்கும். 16 போர்ட் ஜிகாபிட் (விநாடிக்கு 1000 மெகாபிட் வேகம்) ஸ்விட்ச் ஒன்றை வாங்கிவிடுங்கள். இந்த அளவுக் கடைக்கு மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் செய்து ஓட்டும் ரகம்) தேவையில்லை, சொருகினால் வேலை செய்கிற சாதாரண ரகமே போதும். ஆனால் பெட்டியில் ‘10/100’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய வேகம், விலை குறைவு என்று எடுக்காதீர்கள்.

கேபிள் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். கேட்6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) என்று பெட்டியில் அச்சடித்திருக்கும், உள்ளே கம்பி செம்பாக இருக்காது. அலுமினியத்தின் மேல் செம்பைப் பூசிய சிசிஏ ரகம் அது. பார்த்தால் தெரியாது. ஒரு இழையின் தோலை உரித்து, கம்பியின் மேல்பரப்பை பிளேடால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் அலுமினியம், சுரண்டச் சுரண்டச் செம்பு நிறமே வந்தால் சுத்தச் செம்பு. அலுமினியக் கம்பிக்கு மின்தடை அதிகம். கேபிள் வழியாகவே கரண்ட் எடுக்கும் கேமராவுக்கு அதைப் போட்டால் தூரம் போகப் போக வோல்டேஜ் குறைந்து, கேமரா இரவில் இன்ஃப்ரா ரெட் விளக்கு எரியும் நேரமாகப் பார்த்து அணைந்து அணைந்து வரும். இரண்டு தரம் வளைத்தால் ஒடிந்தும் போகும். ‘சுத்தச் செம்பு’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை.

305 மீட்டர் வருகிற ஒரு பெட்டி கேட்6 இப்படிப்பட்ட கடைக்குத் தாராளம். கேட்7, கேட்8 என்று யாராவது ஏற்றிவிட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பழைய கேட்5இ கேபிள் ஏற்கெனவே சுவரில் இருந்து, செம்பாகவும் இருந்தால், அதைப் பிடுங்க வேண்டியதில்லை. 100 மீட்டர் வரை அதுவும் ஒரு ஜிகாபிட் தரும்.

மூன்றாம் படி: கேபிள் இழுப்பது

ஸ்விட்சிலிருந்து சிஸ்டம் வரை மொத்தம் 100 மீட்டர்தான் கணக்கு: சுவரோடு போவது 90, இரு முனையிலும் சொருகும் குட்டிக் கேபிள்களான பேட்ச் கார்டுகளுக்கு 10. கடைக்குள் இது பெரும்பாலும் பிரச்சினை ஆகாது. பிரச்சினை பக்கத்தில் ஓடும் கரண்ட் ஒயர்தான். எலக்ட்ரீஷியன் ஏற்கெனவே போட்ட பைப்பில் இடம் இருக்கிறதே என்று லேன் (உள்வலை) கேபிளையும் அதிலேயே நுழைப்பார். கூடாது. தனிப் பைப் போடுங்கள், கொஞ்சம் தள்ளிப் போகட்டும். குறுக்கே கடக்கத்தான் வேண்டுமென்றால் நேர் செங்குத்தாகக் கடக்கட்டும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் கடை நடத்துகிறவர்களுக்கு வேறு தலைவலி. சுண்ணாம்பும் செங்கல்லும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், உடைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். அங்கே தரையை ஒட்டி கேசிங் கேப்பிங் (மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) போட்டு, சுவர் நிறத்திலேயே பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது. அந்தச் சுவரைத் தாண்டி வைஃபை போகும் என்று நம்பி உட்காருவதைவிட இது மேல்.

சுவரோடு வருவதன் முனையில் நேரடியாக பிளக் அடித்து சிஸ்டத்தில் சொருகாதீர்கள். சுவர்க் கேபிளின் இழைகள் ஒற்றைக் கம்பி, அடிக்கடி வளைத்தால் முறியும். சுவரில் ஒரு ஐஓ பாக்ஸ் (கேபிள் சொருகும் சுவர்ப் பெட்டி) வைத்து அங்கே முடித்துவிட்டு, அங்கிருந்து சிஸ்டத்துக்கு ரெடிமேடு பேட்ச் கார்டு போடுங்கள்.

சில இடங்களில் பிளக் அடிக்கத்தான் வேண்டியிருக்கும். வரிசை இதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். பிளக்கின் கிளிப்பைக் கீழே பார்க்க வைத்து, இடமிருந்து வலம். புதிதாகச் செய்கிறவர்கள் இதைப் பார்த்ததும், வெள்ளைப் பச்சைக்குப் பக்கத்தில் பச்சைதானே வரவேண்டும், நடுவில் நீலம் எதற்கு என்று ‘திருத்தி’விடுவார்கள். இரு முனையிலும் அதே மாதிரி திருத்தியிருந்தால் கேபிளைச் சோதிக்கும் சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். ஆனால் நெட்வொர்க் ஓடாது, அல்லது தத்தித் தத்தி ஓடும். காரணம், 3-ஆம் பின்னும் 6-ஆம் பின்னும் ஒரே ஜோடியாக முறுக்கிய இழைகளில் போனால்தான் வெளியிலிருந்து வரும் இரைச்சல் அடங்கும். வரிசையைத் திருத்தியதும் அந்த முறுக்குக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அதே காரணத்துக்காகத்தான் முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்கிறார்கள். வெளித்தோலும் பிளக்குக்குள் நுழைந்து கடிபட வேண்டும். இழைகள் மட்டும் வெளியே தெரிந்தால் வெட்டிவிட்டுத் திரும்ப அடியுங்கள்.

டெஸ்டர் விளக்கோடு திருப்தி அடையாமல், ஒவ்வொரு பாயின்ட்டிலும் ஒரு லேப்டாப்பைச் சொருகி, விண்டோஸ் செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டும். 100 என்று காட்டினால் எட்டில் ஏதோ ஒரு கம்பி ஒழுங்காகப் பிடிக்கவில்லை. 100-க்கு நாலு கம்பி போதும், 1000-க்கு எட்டும் வேண்டும். ஒரு ஜிபி ஃபைலை அனுப்பிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்: ஒன்றில் பத்து விநாடி, மற்றதில் ஒன்றரை நிமிஷம்.

ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். அதே எண்ணைத் தாளில் வரைந்த புள்ளியிலும் எழுதுங்கள். வேலை நடக்கும்போதே செய்யுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள்.

குடோன் தனிக் கட்டடமாக இருந்தால் அங்கே செம்புக் கேபிளை வெளியே தொங்கவிட்டு இழுக்காதீர்கள். கோடை இடியிலும் ஐப்பசி மழையிலும் பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தால்கூட அந்தக் கேபிள் வழியாக இரு பக்கத்து ஸ்விட்சும் போய்விடும். ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் பெட்டி) வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது.

கடற்கரைக்குக் கிட்டே, தேவனாம்பட்டினம் பக்கமோ புதுச்சேரி பீச் ரோடு பக்கமோ கடை இருந்தால், உப்புக்காற்று பின்களில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிவதைப் பார்க்கலாம். தங்க முலாம் நன்றாக உள்ள பிளக்கை வாங்குங்கள், காலி போர்ட்டுகளை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள்.

நான்காம் படி: கரண்ட்

ஸ்விட்ச், ரூட்டர், நெட் கம்பெனியின் ஓஎன்டி பெட்டி (வெளியிலிருந்து ஃபைபர் வந்து சேருவது) மூன்றும் சேர்ந்து முப்பது நாற்பது வாட்டைத் தாண்டாது. ஒரு சின்ன யுபிஎஸ்ஸே நெடுநேரம் தாங்கும். கேமராவுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சாக இருந்தால் மட்டும் கூடுதல் கணக்குப் போடுங்கள். டாலி டேட்டா இருக்கும் சிஸ்டத்துக்குத் தனி யுபிஎஸ் கட்டாயம், ஏனென்றால் பாதி எழுதும்போது கரண்ட் போனால் கெட்டுப்போவது அன்றைய பில் மட்டுமாக இருக்காது. லேசர் பிரிண்டரை எந்தக் காரணத்துக்கும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், சூடேறும் நேரத்தில் அது இழுக்கிற கரண்டை யுபிஎஸ் தாங்காது.

எர்த்து பற்றி யாரும் கேட்பதில்லை, கேளுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று எலக்ட்ரீஷியனை மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. கடலோர மண்ணில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த்து நன்றாகவே பிடிக்கும், ஆனால் அதே உப்பில் இரும்புக் குழாய் சீக்கிரம் அரித்துப்போகும். மழைக்காலத்துக்கு முன்பு ஒருமுறை பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: ஐபி முகவரி

இங்கே பத்து நிமிஷம் யோசித்தால் பின்னால் பல மணி நேரம் மிச்சம். நெட்வொர்க்கில் ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள எண்தான் ஐபி முகவரி. உள்வலைக்கென்று ஒதுக்கிய முகவரிகளில் 192.168 என்று தொடங்கும் கூட்டம்தான் சின்ன இடங்களில் புழக்கம். ரூட்டர் 192.168.1.1 என்றால், இப்படிப் பிரிக்கலாம்: டாலி டேட்டா உள்ள சிஸ்டத்துக்கு 192.168.1.10, பிரிண்டருக்குக் கடைசி எண் 20, கேமரா ரெக்கார்டருக்கு 50. ரூட்டருக்குள் டிஎச்சிபி என்ற பக்கத்தில், தானாகக் கொடுக்கும் முகவரிகளை 100 முதல் 199 வரை என்று கட்டிப்போடுங்கள். மற்ற சிஸ்டங்களும் போன்களும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.

மதியம் ‘ஆஃப்லைன்’ ஆகும் பிரிண்டரின் கதை இதுதான். காலையில் ஒரு முகவரி கிடைத்திருக்கும், கரண்ட் போய் வந்ததும் வேறு முகவரி கிடைத்திருக்கும், சிஸ்டம் பழையதையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். நிலையான முகவரி கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

இன்னொரு பழக்கம், வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரூட்டரைக் கொண்டுவந்து மாடியில் சொருகுவது. அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். கடையில் பாதி சிஸ்டம் 192.168.1 கூட்டத்திலும் மீதி 192.168.0 கூட்டத்திலும் போய் நிற்கும், ஒன்றுக்கொன்று தெரியாது. பழைய ரூட்டரைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றால் முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், டிஎச்சிபியை அணையுங்கள், கேபிளை வான் போர்ட்டில் (இன்டர்நெட் வரும் துளை) இல்லாமல் லேன் போர்ட்டில் சொருகுங்கள். ஆக்சஸ் பாயின்ட் மோடு என்றே ஒரு பொத்தான் இருந்தால் அது போதும்.

ஆறாம் படி: வைஃபை

இரண்டு பெயர் வையுங்கள்: கடை ஆட்களுக்கு ஒன்று, வருகிறவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க். கெஸ்ட்டில் வருகிறவர் நெட் பார்க்கலாம், கடை சிஸ்டங்களைப் பார்க்க முடியாது. பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள், பாஸ்வேர்டு அடிக்காமல் இணைக்கும் டபிள்யூபிஎஸ் பொத்தானை அணைத்துவிடுங்கள். கடைத்தெருவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் எப்போதும் நெரிசல்தான். 1, 6, 11 மூன்று சேனல்களே ஒன்றோடொன்று மோதாதவை, அவற்றில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவர் தாண்டினால் வலு குறையும்.

ஏழாம் படி: ஃபைல், பிரிண்டர், டாலி

டேட்டா இருக்கும் சிஸ்டத்தில் நெட்வொர்க் வகையை ‘பிரைவேட்’ என்று மாற்றுங்கள். ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது ‘எவ்ரிஒன்’ என்று திறந்துவிடுவதுதான் ஊர் வழக்கம். அதற்குப் பதில் ‘பில்லிங்’, ‘கணக்கு’ என்று பாஸ்வேர்டோடு பயனர் கணக்குகள் உருவாக்கி, அவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பிலிருந்து பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் பகிர்வு இயல்பாகவே தடைபடுகிறது. அப்டேட் வந்த மறுநாள் ஷேர் திறக்கவில்லை என்ற புலம்பலுக்குப் பல இடங்களில் இதுதான் காரணம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டாலிபிரைமில் சில்வர் லைசென்ஸ் ஒரு சிஸ்டத்துக்கு, ஒரே லேனில் பலர் வேலை செய்ய கோல்டு. கோல்டு எடுத்தால் லைசென்ஸும் டேட்டாவும் 192.168.1.10-இல் இருக்கட்டும், மற்றவை அந்த முகவரியைத் தேடி வரட்டும். அந்த சிஸ்டத்தை யாரும் பில் போடவோ யூடியூப் பார்க்கவோ பயன்படுத்தக் கூடாது. சின்னக் கடையில் இதற்குச் சம்மதிக்கவைப்பது கஷ்டம்தான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

எட்டாம் படி: கேமராவும் பூட்டும்

கேமராக்களைத் தனி ஸ்விட்சில், ரெக்கார்டரோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அவற்றின் டேட்டா பில்லிங் பக்கம் வராது. ரூட்டர், ரெக்கார்டர், பிரிண்டர் எல்லாவற்றிலும் கம்பெனி வைத்த பாஸ்வேர்டை அன்றே மாற்றுங்கள். வீட்டிலிருந்து கடை சிஸ்டத்தைப் பார்க்க வேண்டுமென்று 3389 போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல் எண்) வெளியே திறந்துவிடச் சொல்லும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள். விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) வசதி உள்ள ரூட்டர் இருந்தால் அதன் வழியாக வாருங்கள்.

ஒன்பதாம் படி: பேக்கப்

மூன்று பிரதி, இரண்டு விதமான இடத்தில், ஒன்று கடைக்கு வெளியே. தினமும் டாலி பேக்கப் இன்னொரு சிஸ்டத்துக்குப் போகட்டும். வாரம் ஒருமுறை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து, எடுத்ததும் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். சொருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வரும் அன்று அதுவும் சேர்ந்து பூட்டப்படும். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். புயலில் போய்விட்டது என்று சொல்லி நிற்பதைவிட வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் இருப்பது மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறு சிஸ்டத்தில் திறந்தும் பாருங்கள்.

தகராறு வந்தால்

முதலில் ஸ்விட்சைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னினால், யாரோ கூட்டித் துடைக்கும்போது தொங்கிய கேபிளின் இரு முனையையும் அதே ஸ்விட்சில் சொருகியிருக்கிறார்கள். ஒன்றைப் பிடுங்குங்கள், சில விநாடிகளில் அடங்கிவிடும்.

ஒரே ஒரு சிஸ்டத்தில்தான் கோளாறு என்றால் அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பாருங்கள். முகவரி சரியாக இருந்தால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 192.168.1.1-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) அடியுங்கள். பதில் ஒரு மில்லி விநாடியில் வந்தால் கடைக்குள் எல்லாம் சரி. அடுத்து இன்டர்நெட்டில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு அடியுங்கள். அதற்குப் பதில் இல்லை என்றால் ஓஎன்டி பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எரிந்தால் வெளியே ஃபைபர் அறுந்திருக்கிறது. பில்லிங்கை நிறுத்த வேண்டாம், டாலி லேனிலேயே ஓடும். போன் ஹாட்ஸ்பாட்டை ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் கொடுத்து இ-வே பில் வேலையைத் தொடருங்கள், அப்புறம் நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, சிவப்பு விளக்கு எரிகிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.